அக்காவின் பொட்டும் முறுக்குப் போத்தல் மூடியும்

வீட்டில் ஒருவன் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் முதல் அடி அந்த வீட்டுக்குத்தான் விழும். சமையல் கற்றுக்கொண்டால் குடும்பத்துக்கே வயிற்றுப்போக்கு. முடிவெட்டக் கற்றுக்கொண்டால் தம்பி ஒரு மாதம் தொப்பியோடு திரிவான். நான் படங்களை அசைய வைக்கக் கற்றுக்கொண்டேன். அக்காவின் கல்யாணமே ஆட்டம் கண்டது.

(கல்யாணம் நிற்கவில்லை. நின்றிருந்தால் இதைத் தட்டச்சு செய்ய எனக்குக் கை இருந்திருக்காது. அம்மா உடைத்திருப்பார்.)

அப்போது ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் வேலை பார்த்தேன். பேனர், ஸ்டிக்கர், லாரிக் கதவில் ஒட்டும் எழுத்து, இவ்வளவுதான். அங்கே எதுவும் அசையாது. முதலாளியே அதிகம் அசைய மாட்டார். எனக்கோ அசைகிற படங்களின் மேல்தான் கண். யாரோ பயன்படுத்திக் கழித்த ஒரு லேப்டாப்பை வாங்கி, இணையத்தில் பாடங்களைப் பார்த்துப் பார்த்து, மோஷன் கிராபிக்ஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

அதில் எனக்குப் பைத்தியமே பிடிக்க வைத்தது ஒரு விஷயம். ஒரு லோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அதில் ஒரு கோழி, ஒரு சட்டி, கீழே கடையின் பெயர் என்று தனித்தனியாகத் தெரியும். கணினிக்கு அதெல்லாம் தெரியாது. அதற்கு அது ஒரே தாள். கோழியை நகர்த்தினால் சட்டியும் சேர்ந்து வரும். ஆனால் இந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. படத்தைக் கொடுத்து 'ட்ரேஸ்' என்று அழுத்தினால் போதும், நிறம் மாறுகிற ஓரங்களையெல்லாம் தேடிப் பிடித்துக் கோடு போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடும். தாளிலிருந்து ஸ்டிக்கரை உரிப்பது போல ஒவ்வொரு துண்டாக உரித்தெடுக்கலாம். உரித்ததைச் சுழற்றலாம், பறக்க விடலாம், துள்ள வைக்கலாம்.

முதன்முதலாக ஒரு கோழிச்சோற்றுக் கடை லோகோவிலிருந்து கொண்டையை மட்டும் உரித்து ஆட்டியபோது நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். பாம்பு வந்துவிட்டது என்று நினைத்தாராம். அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். அவரைப் பொறுத்தவரை அசைய வேண்டியது சக்கரம் மட்டும்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொண்ட நல்லா ஆடுது. சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு ஒருநாள் ஊரே பார்க்கப் பதில் சொல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன். (ஊரே பார்த்தது. அதில் குறை சொல்ல முடியாது.)

இனி அக்கா கதைக்கு வருகிறேன். அக்கா தர்ஷினி ஜொகூர் பாருவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்தாள். சரவணன் மாமா அங்கே பல் பிடுங்க வந்தவர். பல் போன பிறகும் வந்துகொண்டே இருந்தார். இரண்டு வீட்டிலும் சம்மதம்தான். ஆனால் மாமா வீட்டில் சம்மதம் என்றால் ஒரே ஒருவருடைய சம்மதம்தான் கணக்கு. மாமாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டார். அவரைத் தூக்கி வளர்த்தது அவருடைய அப்பாவின் அக்கா. மெர்சிங்கில் படகுத்துறைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே மெர்சிங் அத்தை. கடல்காற்றை மீறி விலை சொல்லிப் பழகிய குரல். அந்தக் குரல் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான்.

ஒரு தடவை அப்படிச் சொல்லியும் இருக்கிறார். நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டில் உடைத்த தேங்காய் அழுகியிருந்தது. தட்டு மாற்ற நீட்டிய கையை அத்தை பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னைக்கி வேணாம். மனசு ஒப்பல" என்றார். அவ்வளவுதான், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மெர்சிங்குக்குத் திரும்பிவிட்டார்கள். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சில வாரம் கழித்து மாமா கெஞ்சிக் கூத்தாடி அத்தையை மறுபடி அழைத்துவந்தார். அதற்கு அப்பா ஒரு சாக்குத் தேங்காய் வாங்கி, ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்து, மோந்து பார்த்து எடுத்து வைத்தார். அந்த முறை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இன்னொரு அபசகுனத்தை இந்தக் கல்யாணம் தாங்காது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் லோகோ இல்லாமல் கல்யாணம் கிடையாது. அக்காவின் தோழி ஒருத்தி வரைந்து கொடுத்தாள். மணப்பெண் முகமும் மாப்பிள்ளை முகமும் பக்கத்தில் பக்கத்தில், நடுவே குத்துவிளக்கு, மேலே மாவிலைத் தோரணம், கீழே பெயர்கள். பெண் கழுத்தில் மஞ்சள் தாலி, நெற்றியில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு. மண்டபத்தில் மணவறைக்குப் பக்கத்தில் எல்இடி திரை வைக்கப் போகிறார்கள், அதில் இந்தப் படம் தெரிய வேண்டும் என்று அக்கா சொன்னாள்.

"சும்மா நின்னா போதும்டா தீபன். ஆட்டமெல்லாம் வேணாம் லா."

ஆட்டம் வேண்டாமா? என்னிடமா? கூடப்பிறந்த தம்பி ஒரு மோஷன் கிராபிக்ஸ் கலைஞனாக (வயது இருபத்தொன்று, இதுவரை ஆட்டியது ஒரு கோழிக் கொண்டை) இருக்கும்போது அக்காவின் லோகோ கட்டையாக நிற்பதா? ஒரே வாரத்தில் இந்த மண்டபம் இதுவரை காணாத ஒன்றைக் காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

தோழி அனுப்பிய படம் போனிலிருந்து போனுக்குத் தாவித் தாவி என்னிடம் வரும்போது மங்கிப் போயிருந்தது. அதை அப்படியே ட்ரேஸ் போட்டேன். மங்கலில் இருந்த ஒவ்வொரு புள்ளியையும் மென்பொருள் ஒரு நிறமாக எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் துண்டு போட்டுவிட்டது. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்தான். ஒவ்வொன்றாகத் தட்டி, எது அசைகிறது என்று பார்த்துப் பெயர் வைத்தேன். 'அக்கா மூக்கு', 'மாமா காது', 'விளக்குத் திரி'. மாமாவின் மீசை ஒரே துண்டாக அழகாக வந்திருந்தது. அதைத் தூக்கி அக்காவுக்கு வைத்துப் பார்த்தேன். (பொருந்தியது.) அம்மா பின்னாலிருந்து பார்த்துவிட்டு, மங்கள காரியத்தில் அக்கா கண்ணையும் மூக்கையும் ஏன்டா நோண்டுகிறாய் என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

எல்லாவற்றையும்விட என்னைத் துள்ள வைத்தது பொட்டு. சிவப்பு நிறம் ஆனதால் ஒரு பிசிறும் இல்லாமல் முழு வட்டமாகத் தனியே வந்திருந்தது. ஆனால் ஒரு சிக்கல். பொட்டைத் தூக்கினால் அது இருந்த இடத்தில் அக்கா நெற்றியில் ஓட்டை தெரிந்தது. நான் விடவில்லை. நெற்றியின் நிறத்தையே எடுத்து, ஓரம் தெரியாமல் இழைத்து, அந்த ஓட்டையை அடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. பொட்டை எடுத்தால் அங்கே ஒரு பொட்டு இருந்த சுவடே தெரியாது. பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது.

பிறகு பறக்க விட்டேன். தோரணம் மேலிருந்து விரியும். விளக்கு கீழிருந்து எழும்பும், திரி பற்றிக்கொள்ளும். அக்கா வலதுபக்கமிருந்து வருவாள், மாமா இடதுபக்கமிருந்து. மாமாவின் மீசை கொஞ்சம் தாமதமாக வந்து ஒட்டிக்கொள்ளும் (அது என் குறும்பு). தாலி கழுத்தில் இறங்கும். கடைசியில், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, மேலேயிருந்து பொட்டு பந்து மாதிரி விழுந்து, இரண்டு தடவை துள்ளி, நெற்றியில் போய் உட்காரும். அம்மா அலங்காரம் முடிந்ததும் கடைசியாகத்தானே பொட்டு வைப்பார், அதனால் நானும் அதைக் கடைசியில் வைத்தேன். எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

அக்காவிடம் காட்டினேன். பொட்டு விழுந்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. "நெஜமா நீயா செஞ்ச?" என்று கேட்டாள். அப்பாகூட இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்பா ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்டதாக எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் இல்லை.

ஒரே ஒரு குறைதான் இருந்தது. படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும்போது எல்லாம் படக்கென்று மறைந்து திரை காலியாகியது. அது அசிங்கமாக இருந்தது. அதற்கும் மென்பொருளில் வழி இருந்தது. போன வழியிலேயே திரும்பி வரும் லூப். முன்னால் ஓடியது அப்படியே பின்னால் ஓடும், பிறகு மறுபடி முன்னால் ஓடும். ஆற்று நீர் மாதிரி விடாமல் போய்க்கொண்டிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். தேர்ந்தெடுத்தேன். ஓட்டிப் பார்த்தேனா? என் லேப்டாப் பாவம், பாதி ஓடுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். முன்பாதியை நூறு தடவை பார்த்தாயிற்று, பின்பாதியும் அதேதானே, திரும்பித்தானே ஓடப் போகிறது என்று பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

கடைசியாக வந்தது முதலில் போகும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

கல்யாண நாள். ஜொகூர் பாருவில் மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். பட்டு வேட்டி, தலையில் பாகை, மாமாவுக்குப் பக்கத்தில் மணவறையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். ஆனால் கண்ணெல்லாம் பக்கத்துத் திரையில்தான். திரையைப் பார்த்துக்கொள்ள வந்தவன் பட்ருல் என்கிற மலாய் இளைஞன். காலையிலேயே அவனிடம் பென்டிரைவைக் கொடுத்து, எப்போது ஓட்ட வேண்டும் என்று ஒத்திகையே பார்த்துவிட்டேன். அதுவரை வெறும் பூப்படம் ஓடட்டும். தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் ஆசி வாங்கக் கொண்டு போவார்கள் இல்லையா, அப்போது எல்லாரும் மணவறைப் பக்கம்தான் பார்ப்பார்கள். அப்போது ஓட்டு.

தாலித் தட்டு சபைக்குள் போனது. நான் ஐயரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, மக்கள் முகத்தைப் பார்க்கும் ஆசையில் மணவறையிலிருந்து இறங்கி ஓரமாக வந்து நின்றேன். பட்ருல் கட்டைவிரலைக் காட்டினான்.

தோரணம் விரிந்தது. விளக்கு எழும்பியது. அக்கா வந்தாள், மாமா வந்தார், மீசை வந்தது. மண்டபமே சிரித்தது. தாலி இறங்கியது. பொட்டு மேலேயிருந்து விழுந்து துள்ளித் துள்ளிப் போய் உட்கார்ந்ததும் கைதட்டல் கூரையைத் தொட்டது. பாதிப் பேர் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். அப்பா முன்வரிசையில் பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? எனக்குத் தரையில் கால் பாவவில்லை. உலகத்தில் இனி நான் சாதிக்க ஒன்றும் பாக்கி இல்லை என்று நினைத்தேன்.

அப்போது பொட்டு லேசாக ஆடியது.

ஆடி, இரண்டு தடவை துள்ளி, அக்கா நெற்றியை விட்டு எழும்பி, மேலே போய் மறைந்துவிட்டது. நெற்றி வெறிச்சென்று இருந்தது. (சுவடே தெரியவில்லை. நான்தான் சொன்னேனே.) அடுத்து கழுத்திலிருந்து தாலி கழன்று போனது. பிறகு மாமாவின் மீசை மட்டும் தனியாகக் கழன்று திரையை விட்டே போய்விட்டது. மீசையில்லாத மாமா கொஞ்ச நேரம் நின்று, யோசித்து, இடதுபக்கமாக அதன் பின்னால் போனார். அக்காவும் வலதுபக்கமாகப் போய்விட, கடைசியில் விளக்கு அணைந்தது.

கைதட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. யாரும் மூச்சு விடவில்லை. தாலி ஏறப்போகிற நேரத்தில், ஊர் கூடியிருக்க, ஒரு பெண்ணின் பொட்டையும் தாலியையும் புருஷனையும் வரிசையாக எடுத்துவிட்டு விளக்கை அணைத்த முதல் தம்பி நான்தான்.

"யாருடா அது, பொண்ணு பொட்ட எடுக்குறது?"

மைக் தேவைப்படாத குரல். மெர்சிங் அத்தை எழுந்து நின்றுவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. தாலித் தட்டு சரியாக அந்த நேரத்தில் அவர் கையில் இருந்தது. ஆசீர்வதித்துப் பக்கத்தில் நகர்த்த வேண்டிய தட்டை அவர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு நிச்சயதார்த்தத்தன்று பின்னால் இழுத்த அதே கை கண்ணில் தெரிந்தது. மணவறையில் அக்கா தலையைக் குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. இந்தக் கல்யாணம் நின்றால் காரணம் தேங்காய் இல்லை, நான்.

திரையில் மறுபடி தோரணம் விரிய ஆரம்பித்தது. ஆற்று நீர் மாதிரி விடாமல்.

பட்ருலின் மேசைக்கு ஓடினேன். ஆள் இல்லை. நன்றாக ஓடுகிறது என்ற நம்பிக்கையில் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். அவனுடைய லேப்டாப் கடவுச்சொல் கேட்டது. கீழே குனிந்தேன். கறுப்பு வயர்கள் கட்டுக் கட்டாக டேப் போட்டு ஒட்டியிருந்தன. ஒன்றைப் பிடுங்கினேன். ஐயரின் மைக் செத்தது. அவசரமாகத் திருப்பிச் சொருகினேன். நிமிர்ந்தால், திரையில் பொட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் மறுபடி கிளம்பிவிடும்.

அப்போதுதான் மணவறைக்குக் கீழே அடுக்கியிருந்த சீர்வரிசை கண்ணில் பட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பலகாரப் போத்தல்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு மேசையில் இருக்குமே, கண்ணாடிப் போத்தலுக்கு வட்டமாகச் சிவப்பு மூடி, அதே போத்தல்தான். ஒன்றைத் தூக்கி மூடியைத் திருகி எடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு ஏறி, கையை எட்டி, அந்தச் சிவப்பு மூடியை அக்காவின் நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்தேன்.

அளவு கச்சிதம். பொட்டு அதன் அடியிலிருந்து கிளம்பி மேலே போனது, என் பொட்டு அசையவில்லை. தாலி போனது, மீசை போனது, மாமா போனார். பொட்டு மட்டும் போகவில்லை. அக்கா முகமே நகர்ந்தபோது நானும் மூடியோடு நாற்காலியில் எட்டும் வரை நகர்ந்தேன். அவள் திரும்பி வரும்போது சரியான இடத்தில் பிடித்துக்கொண்டேன். வேட்டி நழுவியது, பாகை ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. எனக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் நெருங்கி வந்து நாற்காலிக்குக் கீழே நின்றது.

"இதுல ஒட்டியிருக்கறது என் முறுக்குத் தூளு" என்றது மெர்சிங் அத்தையின் குரல்.

"ஆமா அத்தை."

"எவ்ளோ நேரம் புடிப்ப?"

"தாலி ஏறுற வரைக்கும் அத்தை. கை ஒடிஞ்சாலும் எடுக்க மாட்டேன். அக்கா மேல தப்பு இல்ல. நான்தான் இத தப்பா செஞ்சிட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

அத்தை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், திரையில் மறுபடி விரியத் தொடங்கிய தோரணத்தைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, நெஞ்சோடு பிடித்திருந்த தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். கருவாட்டுக் கடையில் கடைசி விலை சொல்லும் குரல் அது.

"பொட்டு எங்கயும் போகல. கூடப்பொறந்தவன் காவல் நிக்கிறான். இதவிட நல்ல சகுனம் வேற என்ன வேணும்? தட்ட ஐயர்கிட்ட குடுங்க."

மண்டபம் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. தட்டு மணவறைக்குப் போனது. எனக்கு உயிர் வந்த அதே நேரம், நான் உயிர் கொடுத்த மைக்கில் ஐயர் கூப்பிட்டார். மாப்பிள்ளைத் தோழன் உடனே மணவறைக்கு வரவும், நேரம் ஆகிறது.

தோழன் நாற்காலி மேல் நிற்கிறான். போனால் பொட்டு போகும். போகாவிட்டால் நேரம் போகும். நான் இரண்டு பக்கமும் பார்த்து விழித்தேன்.

"எறங்கு" என்றார் அத்தை.

"அத்தை, மூடி..."

"அத நான் புடிச்சிக்கிறேன். படகுல நின்னு பழகுன காலு, நாற்காலி என்னத்துக்கு ஆகும். நீ போ, ஒங்கக்கா பக்கத்துல போய் ஒக்காரு."

பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகினார். நாற்காலி மேல் ஏறி, என் கையிலிருந்து மூடியை வாங்கி, நெற்றியில் வைத்து அழுத்தினார். நான் ஓடினேன். கெட்டிமேளம் முழங்கியது. மாமா தாலியைக் கையில் எடுத்தார். அக்கா நிமிர்ந்தாள். அவள் கண் மாமாவிடம் இல்லை, எனக்குப் பின்னால் திரைப் பக்கம் இருந்தது. அங்கே மெர்சிங் அத்தை சபைக்கு முதுகைக் காட்டியபடி, திரையில் நகர்கிற முகத்தோடு மூடியைத் தள்ளிக்கொண்டு, நில்லுடி ஓடாதே என்று படத்தை அதட்டிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்துவிட்டாள். புன்னகை இல்லை, கடைவாய்ப் பல் தெரிகிற சிரிப்பு. முன்பு தோள் குலுங்கியதும் சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகு சொன்னாள். (மீசை தனியாகப் போனதில் அடங்கவே இல்லையாம். நான் இங்கே செத்துக்கொண்டிருந்தேன்.) அவள் சிரித்த சிரிப்பில் மாமாவும் சிரித்து, முடிச்சுப் போடக் கை வராமல் தடுமாறி, அம்மா பின்னாலிருந்து அக்காவைக் கிள்ளி, அப்படியே தாலி ஏறியது.

அட்சதை தூவி முடித்து நான் திரும்பினேன். பட்ருல் எப்போதோ வந்துவிட்டிருந்தான். கையில் சோற்றுப் பொட்டலத்தோடு, நாற்காலிக்குப் பக்கத்தில் மிகவும் பணிவாக நின்றுகொண்டிருந்தான்.

"ஏன் நிறுத்தல ப்ரோ?" என்று பாய்ந்தேன்.

அவன் என்னை ஓரமாக அழைத்துப்போய், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான். "இனி அடாட் கெ, ப்ரோ?"

(இது உங்கள் சடங்கா என்று கேட்கிறான். வீட்டுப் பெரிய பெண்மணி ஒருவர் நாற்காலியில் ஏறிச் சிவப்பு மூடியைப் பிடிக்கிறார், மேளம் முழங்குகிறது, எல்லாரும் பூப் போடுகிறார்கள். அடுத்தவர் சடங்கில் குறுக்கே போகக்கூடாது என்று முடியும் வரை மரியாதையாகக் காத்திருக்கிறான். ஒரே ஒரு விசையை அழுத்தியிருந்தால் போதும்.)

அத்தையை நாற்காலியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினோம். கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தவர், யாரிடமோ சொல்வதுபோல ஒன்றைச் சொன்னார். "தூக்கி வளத்த புள்ள. அவன் தாலி கட்டுனத நான் பாக்கவே இல்ல. பொட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் பாகையை நேராக்கிவிட்டு, மூடியைத் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். திறந்த போத்தலை என் மடியில் வைத்து, காற்றுப் பட்டால் நமத்துப் போய்விடும், நீயே தின்று முடி என்றார்.

இன்றைக்கு எனக்குத் தம்போயில் சொந்தமாக ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. முழுநேரமும் லோகோக்களை உரித்துப் பறக்க விடுவதுதான் தொழில். முதல் வாடிக்கையாளரைக் கூட்டிவந்ததே பட்ருல்தான். கொண்டை சோறு போடுமா என்று அப்பா இப்போது கேட்பதில்லை. ஆனால் எந்த வேலை முடிந்தாலும் முழுசாக ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்கிறார். தீபாவளிக்கு மெர்சிங்கிலிருந்து வரும் முறுக்குப் போத்தல்களில் ஒன்றுக்கு மட்டும் மூடி இருக்காது. பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் போட்டிருக்கும். அது என்னுடையது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். திரையே கூடாது என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தபோது முன்வரிசையில் மெர்சிங் அத்தையிடம் நின்றது. அவர் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டை நகர்த்திவிட்டு, கைப்பையைத் திறந்து அந்தச் சிவப்பு மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த மணப்பெண், யார் அந்த அம்மா, எதற்கு முறுக்கு மூடி என்று என் காதில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மெர்சிங் குரல் மண்டபத்தைச் சுற்றி வந்தது.

"தீபன், ஸ்கிரீனு கிரீனு ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடு. இந்தத் தடவ நான் தாலி கட்டுறத பாக்கணும்."

மண்டபமே வெடித்தது. மணப்பெண் விஷயம் புரியாமலேயே சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் நான் தாலி கட்டினேன். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது முதலில் பார்த்தது அத்தையைத்தான். கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், மூடி மடியில் இருந்தது, கன்னம் நனைந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் இப்போது மூடி இல்லாமல் முகூர்த்தம் கிடையாது, சிரிக்காமல் தாலி வாங்கிய பெண்ணும் கிடையாது. பட்ருல் அன்றைக்குக் கேட்ட கேள்வியை இன்று மறுபடி கேட்டால், ஆமாம் ப்ரோ, எங்கள் சடங்குதான் என்று சொல்லிவிடுவேன்.